எண்ணெய் விட்ட வில்

என் கணவர் தையல் மிஷின் மெக்கானிக். எந்த வீட்டு மிஷின் முனகினாலும் தெருமுனையிலேயே அவர் காதுக்கு எட்டிவிடும். "கத்துதுன்னா எண்ணெய் கேக்குதுன்னு அர்த்தம்" என்பார். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து அவருடைய இடது கை விழுந்தது. பிழைத்தார், நடந்தார். ஆனால் கடையை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் அதோடு சரி. நான் வீட்டில் தைப்பவள். பக்கத்திலேயே என் மிஷின் கீச்கீச்சென்று கத்துகிறது, மனுஷர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எண்ணெய் விட எனக்குத் தெரியாதா? விடவில்லை. அவர் காதில் விழுந்து அவராக எழுந்து வரட்டும் என்ற வீம்பு. அதைத் தவிர என்னிடம் வேறு வைத்தியம் இல்லை.

விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். எங்கள் மகள் அவரை மேல்மாடி வயலின் டீச்சரிடம் சேர்த்துவிட்டாள். டீச்சர் ஒரு வயலினையும் இரவலாகக் கொடுத்தாள். பேரன் எடுக்கிற வயதில் வயலினா என்று தலையில் அடித்துக்கொண்டேன். வலது கையில் வில், இடது கை விரல்கள் தந்திமேல். மூன்று விரல்கள் முக்கி முனகி இறங்கின. சுண்டுவிரல் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. சத்தமோ, கதவிடுக்கில் பூனை வால் மாட்டின கதை.

"கதவச் சாத்திக்கிட்டு வாசிங்க. துணி குடுக்க வர்றவங்க ஓடிருவாங்க."

அவர் சிரித்தார். பல மாதம் கழித்து வந்த சிரிப்பு. அதனால் அதற்குமேல் திட்டவில்லை, கொஞ்சமாகத்தான் திட்டினேன்.

ஒரு நாள் உள்ளே சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். வில்லை இழுக்கிறார், அது தந்திமேல் வழுக்கிக்கொண்டு போகிறது. மேஜைமேல் எண்ணெய் டப்பா.

"ரொம்பக் கத்துச்சு. ரெண்டு சொட்டு விட்டேன்."

"வில்லுக்கா?"

"கைப்பழக்கம்." வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "எனக்கு இதெல்லாம் வராதும்மா. டீச்சர்கிட்டயே திருப்பிக் குடுத்துரு."

விட்டது தொல்லை என்று நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் மறுபடியும் அந்த நாற்காலியா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

டீச்சர் வில்லை முகர்ந்து பார்த்தாள். சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, வில்லுல கட்டியிருக்கிற இந்தக் குதிரை முடி தந்தியப் பிடிச்சு இழுத்தாத்தான் சத்தமே வரும். அதுக்குத்தான பிசின் தேய்க்கிறோம். அண்ணன் வழுக்க வச்சுட்டாரே. முடிய மாத்தணும்."

"மாத்துற வரைக்கும்?"

தன் பழைய வில்லைக் கொடுத்தாள். வயலின் பெட்டியோடு கீழே வந்து அந்த வில்லை அவர் மடியில் வைத்தேன்.

"எண்ணெய் டப்பாவ ஒளிச்சு வச்சாச்சு. கத்தினா கத்தட்டும். கதவையும் சாத்த வேணாம்."

"துணி குடுக்க வர்றவங்க?"

"ஓடட்டும்."

கத்தியது. தினமும் கத்தியது. எதிர்வீட்டுக்காரி ஜன்னலை அடைத்துக்கொண்டாள். கேட்டுக் கேட்டு எனக்கே ஸ்வரம் பிசகினால் தெரிய ஆரம்பித்துவிட்டது. சுண்டுவிரல் மெல்ல மெல்ல வழிக்கு வந்தது.

ஒரு மத்தியானம் நான் சட்டை தைத்துக்கொண்டிருந்தபோது வாசிப்பு பாதியில் நின்றது. என்ன வம்போ என்று நிமிர்ந்தால், எதிரில் நிற்கிறார்.

"எண்ணெய் டப்பா எங்க?"

"எதுக்கு? வில்லுப் பக்கம் போனீங்கன்னா பாருங்க."

"வில்லுக்கு இல்ல, உன் மிஷினுக்கு. எவ்வளவு நாளா இப்படிக் கத்துது? சொல்ல மாட்டியா நீ?"

அரிசி டின்னுக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து நீட்டினேன். இடது கையால் வாங்கினார். சுண்டுவிரல் அடியில் முட்டுக்கொடுத்தது. கை ஆடியது. இரண்டு சொட்டு சரியாக மிஷினின் எண்ணெய்த் துளையில் இறங்கின. மூன்றாவது யாருடைய புதுச் சட்டைமேலோ விழுந்து பரவியது. வேறொரு நாளாக இருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும்.

"அந்தப் பக்கத் துளைக்கும் விடுங்க" என்றேன்.