ரேகை வளர்ப்பு

கண்ணாடித் தகடு மறுபடியும் சிவப்பாகவே எரிந்தது. கவுண்டரில் இருந்த பெண் தகட்டைத் துடைத்தாள். பிறகு எதிரே நின்ற மாணவியின் விரல்களைக் காகிதத்தால் துடைக்கச் சொன்னாள். பிறகு தானே அந்த விரல்களைப் பிடித்து, சுவரில் பொட்டு ஒட்டுவதுபோல் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். பின்னால் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"படிக்கறேங்க."

"படிச்சா விரல் இப்படி ஆகாதே."

மாணவி உள்ளதைச் சொல்லிவிட்டாள். பகலில் படிப்பு, மாலையில் ஒரு பெரிய ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. கவுண்டர்ப் பெண் ஆச்சரியப்படவில்லை. இந்த மாதிரி விரல்கள் அங்கே நிறைய வரும்போலிருந்தது. ரேகை பதியாமல் விசா விண்ணப்பம் நகராது, மாதக் கடைசிக்குள் இன்னொரு தடவை வாருங்கள், அதுதான் கடைசி வாய்ப்பு என்றாள்.

அடுத்த நாட்டில் அவளுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இந்த நாட்டில் படிப்பு முடியப்போகிறது, அதோடு இங்கே இருப்பதற்கான அனுமதியும். விரல் பதியாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குத்தான். வீட்டிலோ அம்மா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் மகள் அந்த நாட்டுக்குப் போய்விட்டதாகவே சொல்லி வைத்திருந்தாள்.

ரயிலில் திரும்பும்போது பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தை முந்திக்கொண்டு ஒரு கேள்வி வந்து நின்றது: ரேகை எப்போது போயிற்று? சில மாதங்களாகவே கைபேசி அவள் விரலுக்குத் திறக்காமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. கைபேசிக்கு வயதாகிவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள்.

ஓட்டல் சமையலறையில் எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா. இரண்டு பொருள்கள் உரசிக்கொண்டால் எது எவ்வளவு தேயும் என்பதுதான் அவள் படிப்பு. அது தெரிந்த நாளிலிருந்து கேலிக்குக் குறைவில்லை.

"இதுக்கு ஒரு படிப்பு, அதைப் படிக்க இன்னொரு நாடா?" என்பாள் அக்கா. "இந்தத் தொட்டி முன்னாடி வந்து நில்லு. பட்டத்தை நாங்களே கொடுத்துடறோம்."

அக்கா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள்; அங்கே எல்லோருக்கும் முந்தி வேலைக்கு வந்தவள். வருஷக்கணக்காகத் தொட்டி முன்னால் நின்று அண்டாக்களைத் தேய்த்துவிட்டு, முட்டி வலி என்று கெஞ்சிக் கூத்தாடி, இப்போதுதான் தட்டு துடைக்கும் மேசைக்கு வந்திருந்தாள். நடந்ததைக் கேட்டதும் டாக்டரம்மாவின் கையை விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்த்தாள்.

"தண்ணியில கை வைக்காம இருந்தா வந்துடும். சின்ன வயசுத் தோல்தானே."

மாணவி சூப்பர்வைசரிடம் போய்ப் புதுக் கையுறை கேட்டாள்.

"போன வாரந்தானே கொடுத்தேன்?"

"விரல் நுனியெல்லாம் கிழிஞ்சிடுச்சு சார்."

"மத்த இடம் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

திரும்பி வந்தபோது அவள் நிற்க வேண்டிய தொட்டிக்கு முன்னால் அக்கா நின்றிருந்தாள். பிசுக்கு போக்கும் காரத் தண்ணீரில் கையை முழங்கை வரை விட்டு, கம்பி நாரால் ஒரு அண்டாவின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க ஏன்க்கா? முட்டி என்னாகறது?"

"முட்டி எங்கயும் ஓடிடாது. நீ போய்த் தட்டைத் துடை."

"உங்க விரல்?"

"என் விரல் எந்த நாட்டுக்குப் போகப்போகுது?"

சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தார். தொட்டியில் வேலை நிற்காமல் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ரேகை வளர்ப்பு ஆரம்பமாயிற்று. அந்தப் பெயரை வைத்தவள் அறைத்தோழி. படுக்கும்முன் எண்ணெய் தடவிவிடுவது அவள் பொறுப்பு. உதட்டுச் சாயத்தை விரலில் பூசிக் காகிதத்தில் ஒற்றிப் பார்ப்பதும் அவள்தான். "மீசை முளைக்கற பையன்கூட இத்தனை தடவை பார்க்கமாட்டான்டி" என்று சிரித்தாள். காகிதத்தில் முதலில் வெறும் சிவப்பு வட்டங்களே விழுந்தன.

மாணவிக்கு அது போதவில்லை. ஆய்வுக்கூடத்தில் யாரும் வராத காலை நேரத்தில் விரலை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். திரையில் தெரிந்தது ஓடித் தேய்ந்த இயந்திர அச்சைப் போலவே இருந்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே மட்டும் சில கீறல்கள். எஃகாக இருந்தால் கழித்துவிடலாம் என்று எழுதியிருப்பாள். பார்க்கப் பார்க்கச் சுவாரசியமாக இருந்தது. தன் விரல் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

அந்த ஆய்வுக்கூடத்தின் வாசலிலேயே ஒரு பெட்டி நிறைய நீலக் கையுறைகள் இருக்கும். ஒரு தடவை போட்டுவிட்டு எறிந்துவிடலாம். அவை கைகளுக்காக வைத்தவை அல்ல. சோதனைக்காக மெருகேற்றி வைத்த எஃகு வில்லைகளில் விரல் பட்டால் அந்த இடத்தில் துரு ஏறிவிடும், அதற்காக. அவள் கேட்டு வாங்கிக் கொஞ்சம் சமையலறைக்கு எடுத்துப் போனாள். முதல் அண்டாவிலேயே அவை கிழிந்து தொங்கின. அக்கா அவற்றை உரித்துக் குப்பையில் போட்டாள்.

பிறகு ஒரு நாள் கட்டைவிரலின் ஓரத்தில் மெல்லிய வரிகள் தெரிந்தன. ஏரோட்டிய நிலத்தின் ஒரு மூலையைப்போல் இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நடந்தாள். வரிகள் மெல்ல நடுவுக்கு வந்தன. கைபேசி திறந்தது. அன்று மாலை தொட்டிப் பக்கம் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மாதக் கடைசியில் கண்ணாடித் தகடு பச்சையாக எரிந்தது.

"வந்துடுச்சே" என்று கவுண்டர்ப் பெண் சிரித்தாள். "வேலையை விட்டுட்டீங்களா?"

"இல்லைங்க. என் வேலையை வேற ஒருத்தங்க செய்யறாங்க."

விசா வந்தது. போவதற்கு முன்னால் உங்களுக்கு என்ன வேண்டும் சொல்லுங்கள் என்று அக்காவை அரித்தெடுத்தாள். அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"உன் படிப்புக்கூடத்துல நீ விரல் பார்த்தியே, அந்தப் பூதக்கண்ணாடியில என் விரலையும் ஒரு தடவை காட்டு."

விடுமுறை நாளில் அக்கா தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்தாள். ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் மூலையில் வேலையாக இருந்தவர், தலையாட்டி அனுமதித்தார். அக்கா நுண்ணோக்கிக்கு அடியில் விரலை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"எங்க இருக்கு?"

"இதுதான்க்கா."

"மேசையைக் காட்டறியோன்னு நினைச்சேன்."

அக்கா விரலை லேசாக நகர்த்தினாள். திரையில் இருந்த வழவழப்பும் நகர்ந்தது. மறுபடி நகர்த்தி உறுதிசெய்துகொண்டாள். பிறகு மாணவியின் விரலைக் காட்டச் சொல்லி, அந்த வரிகளை வளைவு வளைவாகக் கண்ணாலேயே பின்தொடர்ந்தாள்.

"நல்லா வளர்ந்திருக்கு" என்றாள். அவள் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

பக்கத்து மேசையில் ஓர் எஃகு வில்லை மினுங்கிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து அதில் தன் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு வழவழப்பு என்று அறிய, மாணவி வாயைத் திறப்பதற்குள், கட்டைவிரலை அதன்மேல் அழுத்தி வைத்துவிட்டாள்.

"ஐயோ, கை வைக்காதீங்கம்மா" என்று பொறுப்பாளர் ஓடிவந்தார். "விரல் பட்டா மொத்தமும் வீணாயிடும்."

அக்கா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவர் நீலக் கையுறை மாட்டிக்கொண்டு வில்லையை எடுத்தார். விளக்குக்கு அடியில் இப்படியும் அப்படியும் சாய்த்தார். மாணவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லவேளை" என்றார் அவர். "ஒண்ணுமே பதியல."

அக்காவுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.