ரெண்டு நாள் கை

முதலில் விரல் நுனிகள்தான் தெரிந்தன. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் படங்களெல்லாம் வராந்தாவில் கயிற்றில் துணிக் கிளிப் போட்டுத் தொங்கின. அதில் பட்டாணியின் படத்தில், டிராயிங் டீச்சர் வழவழவென்று பூசிவைத்திருந்த நீல வானத்துக்குள் நான்கு ஆரஞ்சுப் புள்ளிகள். எட்டிப் பார்த்த ஒரு வாண்டு சர்வ சாதாரணமாகச் சொன்னது. "டீச்சர், கை வந்துடுச்சு!"

பட்டாணி இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

பட்டாணி என்பது வகுப்பு வைத்த பெயர். பெஞ்சில் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் மேலே தெரியும், அவ்வளவு குட்டி. 'பள்ளிக்கூடம் வரும் வழி' என்று தலைப்புக் கொடுத்த அன்று மற்ற பிள்ளைகள் வழக்கம்போல மரமும் சூரியனும் போட, அவள் ஒரு பஸ்ஸைப் போட்டாள். ஜன்னலில் அம்மா. அந்த அம்மாவின் கை ஜன்னலை விட்டு வெளியே வந்து, கடைகளைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, தாளின் அந்தக் கோடியில் பள்ளிக்கூட கேட்டருகே நிற்கும் குட்டிப் பெண்ணின் தலைவரைக்கும் நீண்டிருந்தது. ஆரஞ்சு மெழுகு கிரேயானை அழுத்தி அழுத்தித் தேய்த்திருந்தாள். பாதி கிரேயான் காலி.

"இது என்னடி, கையா இல்ல துணி காயப்போடற கயிறா?" என்றாள் டீச்சர். வகுப்பே கொல்லென்று சிரித்தது. பட்டாணி சிரிக்கவில்லை.

"இது ரெண்டு நாள் கை டீச்சர். நாளைக்கு வரும்."

குழந்தை ஏதோ உளறுகிறது என்று டீச்சர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போகட்டும், படத்தையாவது சும்மா விட்டாளா? கண்காட்சிக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், எல்லாம் லட்சணமாக இருக்க வேண்டும் என்று ஹெச்.எம். அம்மா சொல்லியிருந்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் டீச்சர் பட்டை பிரஷ்ஷை எடுத்தாள். நீளக் கையின் மேல் போஸ்டர் கலரை அடர்த்தியாக அப்பினாள். ஜன்னலோரம் அளவாக, அழகாக, ஒரு சின்னக் கை போட்டுக் கொடுத்தாள். அவள் போட்டது உண்மையிலேயே நல்ல கை. ஐந்து விரலும் அச்சு மாதிரி இருந்தன.

மறுநாள் பட்டாணி வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். ஆறாம் நாள் செய்தி வந்தது.

விரல் தெரிந்த அன்றே டீச்சர் இரண்டாம் பூச்சு பூசினாள். காய்ந்ததும் அது வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மெழுகின் மேல் தண்ணீர்க் கலர் நிற்காது. இதே வகுப்பில் "மெழுகுக்கும் தண்ணிக்கும் ஆகவே ஆகாது" என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். தெரிந்து என்ன பிரயோஜனம்? தினமும் காலையில் வராந்தாவில் பிள்ளைகள் சத்தம் போட்டார்கள்.

"டீச்சர், மணிக்கட்டு வந்துடுச்சு!"

"டீச்சர், மரம் வரைக்கும் வந்துடுச்சு!"

ஒரு பிள்ளைக்கும் பயமில்லை. பயமெல்லாம் டீச்சருக்குத்தான். பிரஷ் கழுவினாலும், சோறு பிசைந்தாலும், காதுக்குள் அந்தச் சின்னக் குரல் கேட்டது. நாளைக்கு வரும். மூன்றாவது முறை அழுதுகொண்டேதான் பூசினாள்.

அன்று ஹெச்.எம். அம்மா கூப்பிட்டுச் சொன்னார். "அந்தப் பொண்ணோட அம்மா மத்தியானம் வர்றாங்க. கடைசியா வரைஞ்ச படம் வேணுமாம். வேற எதுவும் அவங்ககிட்ட இல்லையாம். பாத்துப் பதமா குடுத்து அனுப்பிடுங்க."

அம்மா வேலை உடுப்போடு வந்தாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. சோடா காரத்தில் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஜன்னலோரத்துச் சின்னக் கையைத் தொட்டாள்.

"என்னைக்கு வரைஞ்சது டீச்சர்?"

படத்தின் பின்னால் தேதி இருந்தது. டீச்சர் படித்துக் காட்டினாள். அம்மாவின் முகம் அப்படியே இடிந்துவிட்டது.

"தினம் ஒரே பஸ்லதான் வருவோம். அவ இங்க இறங்குவா, நான் அதுலயே வேலைக்குப் போயிடுவேன். வளைவு திரும்பற வரைக்கும் கையை வெளிய நீட்டி ஆட்டிக்கிட்டே போவேன். அது மறையற வரைக்கும் கேட்டுல நிப்பா. அன்னைக்கு நல்ல மழை. பக்கத்து சீட்டுல துணி நனையுதுன்னு சத்தம் போட்டாங்க. ஷட்டரை இறக்கிட்டேன். கையே நீட்டல." மறுபடி அந்தச் சின்னக் கையைத் தடவினாள். "நாளைக்கு சேத்து ஆட்டிக்கலாம்னு நினைச்சேன். எம்புள்ளைக்கு அவ்வளவு கோவம் டீச்சர். அதான் கையை இத்துணூண்டு போட்டுட்டுப் போயிட்டா."

டீச்சர் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலையும் மரியாதையும் தப்பிக்கும். அதற்கு விலையாக, செத்துப்போன குழந்தை காலமெல்லாம் அம்மாவிடம் கோபித்துக்கொண்டே இருக்கும்.

"ஐயோ, இல்லம்மா! அந்தக் கை நான் போட்டது! அவ போட்டதை நான் பாவி மறைச்சிட்டேன்!"

ஓடிப்போய் ஸ்பாஞ்சை நனைத்து வந்தாள். மூன்று பூச்சு நீலமும் கரைந்து மேஜையில் வழிந்தது. தாள் அங்கங்கே நைந்தது. மெழுகு மட்டும் அசையவில்லை. ஜன்னலிலிருந்து கடை, கடையிலிருந்து மரம், மரத்திலிருந்து கேட் என்று ஆரஞ்சுக் கை முழுசாக வந்து நின்றது.

"ஏன்டி இவ்வளவு நீளம்னு கேலி பண்ணேன். ரெண்டு நாள் கை, நாளைக்கு வரும்னு சொன்னா. எனக்கு அப்பப் புரியலம்மா. கோவம் இல்ல. உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கா."

அம்மா டீச்சரைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. ஈரப் படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உடுப்பெல்லாம் நீலமானது.

டீச்சர் கேட் வரைக்கும் பின்னாலேயே போனாள். பஸ் வந்தது. அம்மா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்ததும் கை வெளியே வந்தது. தோள்வரைக்கும் வந்தது. கண்டக்டர் விசில் ஊதியும் உள்ளே போகவில்லை.

அது தனக்கான கை இல்லை என்று டீச்சருக்குத் தெரியும். கேட்டோரம் பட்டாணி எப்போதும் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு, ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.