கேரியர் வைத்த ரேஸ் சைக்கிள்

1

இந்தக் கதை ஒரு டீக்கடையில் கிடைத்தது. சரியாகச் சொன்னால், நாற்பது வருடமாக என்னிடம் கிடந்ததை அந்த டீக்கடை எடுத்துக் கொடுத்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரம்பலூர் புறவழிச்சாலையில், ஹெல்மெட்டும் உடம்பைப் பிடித்த உடுப்புமாக ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வங்கி அதிகாரி. பழைய சைக்கிளைக் கொடுத்துவிட்டு கார்பன் சைக்கிள் வாங்கி இரண்டு வாரம் ஆகிறதாம். மொத்தமே ஏழரைக் கிலோ. தூக்கிப் பார்க்கச் சொன்னார். தூக்கினேன். பின்னால் யாராவது உட்கார வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"சுண்ணாம்புத் தூசி படிந்த அரியலூர் விடியலில், காற்றைக் கிழித்துக்கொண்டு கொளஞ்சி—"

காற்றை யாரும் கிழிக்கவில்லை. இரண்டாவது:

"1983 மார்கழி. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடு ஏற்றும் கொளஞ்சி (29), காணும் பொங்கல் சைக்கிள் பந்தயத்தில் மூன்று ஆண்டுகளாக இரண்டாம் இடம் பெற்றவர்."

இது செய்தி. அப்போது நான் ஒரு நாளிதழுக்கு அரியலூர் நிருபர், இப்படித்தான் எழுதுவேன். இதையே வைத்துக்கொள்கிறேன்.

பந்தயம் பெரம்பலூரில் கிளம்பி அரியலூர் பஸ் ஸ்டாண்டில் முடியும். இருபது மைல். மூன்று வருடமும் ஜெயித்தவர் திருச்சிக்காரர் ஒருவர். அவருடைய சைக்கிளுக்கு விரல் பருமனில் டயர், கிடாக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். கொளஞ்சியிடம் இருந்தது அவர் அப்பா ஓட்டிய கறுப்பு சைக்கிள். பந்தயத்துக்கு முதல் நாள் மட்கார்டு, டைனமோ, செயின் பெட்டி, ஸ்டாண்டு என்று கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிவிடுவார். கேரியரை மட்டும் கழற்ற மாட்டார்.*

* ஏன் என்று முடிவுக்கோட்டில் ஒருமுறை கேட்டேன். "நாளைக்குக் காலைல அது உக்காரணுமே சார்" என்றார்.

3

அது என்று அவர் சொன்னது மனைவி செங்கமலத்தை.

செங்கமலத்தை எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கொளஞ்சியோடு எத்தனையோ முறை டீ குடித்திருக்கிறேன். செங்கமலத்தை அருகில் பார்த்தது ஒரே ஒருமுறை, அதுவும் பின்னாலிருந்து. ஆகவே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கீழப்பழுவூர் ரோட்டில் ஐந்தாவது மைலில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே சத்துணவுக் கூடத்தில் அவருக்கு ஆயா வேலை. எட்டு மணிக்கு அடுப்புப் பற்றவைத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டுமுறை தாமதம். மூன்றாவது தடவை வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று அமைப்பாளர் சொல்லியிருந்தார். ஏழு இருபதுக்கு வர வேண்டிய முதல் பஸ் பெரும்பாலும் எட்டரைக்குத்தான் வரும். அந்த வேலை நின்றது கொளஞ்சியின் கேரியர் மேல்தான். அவரை இறக்கிவிட்டுத்தான் கொளஞ்சி சுரங்கத்துக்குப் போவார்.

அந்தக் காலத்தில் பெண்கள் கேரியரில் ஏறும் விதத்தை இப்போது படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நின்ற சைக்கிளில் ஏற மாட்டார்கள். ஆண் முதலில் மிதித்துக் கிளப்பிவிடுவான். பெண் கூடவே மூன்று எட்டு ஓடி, நாலாவது எட்டில் ஒரு பக்கமாகத் தாவி உட்காருவாள். ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்க மாட்டான். சைக்கிள் லேசாக அமுங்கும், அதுதான் தகவல். ரோட்டில் வைத்துத் தொட்டுக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டிக்கு இடையில், அந்த அமுங்கல் ஒரு—

(உவமை வேண்டாம்.)

4

(இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். பழைய சைக்கிளையும் அந்த வருடத்து போனஸையும் கொடுத்து, திருச்சியிலிருந்து கொளஞ்சி ஒரு ரேஸ் சைக்கிளைக் கொண்டுவந்த அன்று வீட்டில் நடந்த சண்டையை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். வசனமெல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் நான் அந்த வீட்டுக்குள் இல்லை. வாசலோடு போனவர்கள் கேட்டுச் சொன்ன ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள்கிறேன். செங்கமலம் சொன்னது: "கொம்பு மட்டுந்தான் இருக்கு. முதுகு எங்க?")

5

முதுகு செய்துகொடுக்கும் பொறுப்பு சைக்கிள் கடை செல்லக்கண்ணுவிடம் வந்தது. அவர் மறுத்துப் பார்த்தார்.

"வெல்டிங் வச்சன்னா கொழா உருகிப் போயிடும்டா. இது சைக்கிளு இல்ல, நாணல் தட்ட."

"பொம்பள உக்காரணும்ண்ணே."

"அப்ப எதுக்குடா இத வாங்குன?"

மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் கொளஞ்சி இரவல் சைக்கிளில் மனைவியைக் கொண்டுபோய் விட்டார். அந்த இரண்டு தாமதமும் அப்போது நடந்தவைதான். கடைசியில் செல்லக்கண்ணு பழைய டியூபை வெட்டிக் குழாயில் சுற்றி, அதற்கு மேல் கிளாம்பு போட்டு ஒரு கேரியரை இறுக்கினார். கடைத்தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. ரேஸ் குதிரைக்குப் பொதிமூட்டை வைத்த மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னார்.

அடுத்த நாள் காலை ஏழே கால். இடம், செல்லக்கண்ணுவின் கடை வாசல். கொளஞ்சி ஏறி மிதித்தார். செங்கமலம் கூட ஓடினார்.

பழைய சைக்கிள் கிளம்பி வேகமெடுக்க நேரமாகும். புதியது ஒரே மிதியில் பறந்துவிட்டது. செல்லக்கண்ணுவிடம் பிறகு இரண்டுமுறை விசாரித்தேன். இரண்டுமுறையும் ஒரே பதில்தான்: "மூணு எட்டு வச்சிச்சு சார். நாலாவது வைக்கல."

எட்டவில்லையா, எட்டிப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம், காலுக்குள் இருந்ததை எப்படிச் சொல்ல என்றார். செங்கமலம் கூப்பிட்டாரா? இல்லை. நீங்கள் கூப்பிட்டீர்களா? அவர் வாயில் அப்போது வால்வு டியூப் இருந்ததாம்.

6

ஒரு ஆள் ஏறாததுகூடவா தெரியாது என்று நீங்கள் கேட்பீர்கள். இதைச் செய்தியாக அனுப்பியிருந்தால் ஆசிரியரும் கேட்டிருப்பார். எனக்குத் தோன்றுவது இது. அந்த சைக்கிளில் ஆள் வைத்து கொளஞ்சி ஓட்டுவது அதுவே முதல் தடவை. ஆள் வைத்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அவர் வாங்கியதோ கனமின்மையை. அதற்காகச் சண்டை போட்டு, கேலி கேட்டு, மூன்று வாரம் காத்திருந்தவருக்கு, சைக்கிள் கனக்கவே இல்லை என்றதும் சந்தேகம் வரவில்லை. பெருமைதான் வந்தது. பள்ளமேட்டில் சைக்கிள் தூக்கிப் போட்டபோதுகூட "கெட்டியா புடிச்சுக்க" என்றிருக்கிறார்.

பேசிக்கொண்டே போனார். பொதுவாக அதிகம் பேசுகிறவர் அல்ல. மனைவியின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத ஒன்றை மூன்று வாரமாக வைத்திருந்தார். முகம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்ற தைரியத்தில் அன்று சொன்னார். பிறகு அதை என்னிடமும் சொன்னார்: "பொங்கலுக்குப் பத்து நாளைக்கு முன்ன கேரியரக் கழட்டிப்புடுவேன் புள்ள. பழகணும். அந்தப் பத்து நாளைக்கு நீயே எப்புடியாச்சும் பாத்துக்க. இந்தத் தடவ விட்டா அப்புறம் எனக்கு வயசு கிடையாது."



"நீ ஒண்ணும் சொல்லல. அப்பன்னா சரின்னுதான" என்று கேட்டிருக்கிறார்.

7

அன்றைக்குத்தான் முதல் பஸ் நேரத்துக்கு வந்தது.

இனிமேல் வருவதற்கு நானே சாட்சி. கொள்ளிடக் கரை அரிப்பைப் பார்க்கத் திருமானூர் போகும் அந்த பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். செல்லக்கண்ணு கடைக்கு எதிரே ஒரு பெண் கை காட்டி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. கையில் சாப்பாட்டுத் தூக்கு. அது செங்கமலம் என்று கண்டக்டர் பேசியதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியும்.

மூன்றாவது மைலில், புளியமரங்களுக்கு நடுவே, எங்களுக்கு முன்னால் கொளஞ்சி போய்க்கொண்டிருந்தார். வெயில் இன்னும் ஏறவில்லை. ரோட்டோரமெல்லாம் வெள்ளைத் தூசி. தலையைக் கொஞ்சம் சாய்த்து, இடது கையை எடுத்து எடுத்து ஆட்டி, காலிக் கேரியரோடு பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவு அன்பாக ஒரு மனிதர் மனைவியிடம் பேசி நான் பார்த்ததில்லை. மனைவி அங்கே இல்லை.

பஸ்ஸில் சிரிப்பு கிளம்பியது. கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு செங்கமலத்திடம் வந்தார்.

"ஏம்மா, நம்ம கொளஞ்சிதான அது? உங்க வூட்டுக்காரரு? நிறுத்தவா?"

செங்கமலம் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இருங்கண்ணே" என்றார். "பேசி முடிக்கட்டும்."

8

நாலு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கொளஞ்சி பொங்கலன்று முதலாவதாக வருகிறார். ஒன்றில் கேரியரோடு ஓடி நான்காவதாக. இன்னொன்றில் செங்கமலம் பஸ் பாஸ் எடுத்து, அதற்குப் பிறகு எந்த சைக்கிளிலும் ஏறவில்லை. நாலாவதைக் கிழித்துவிட்டேன், அதில் இருவரும் நிறைய அழுதார்கள்.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். கண்டக்டர் எத்தனை விசில் கொடுத்தார் என்பதும் தெரியும். எழுதினால் அது செய்தியாகிவிடும். அன்று அதை நான் செய்தியாக அனுப்பவில்லை. இன்றும் அனுப்பப் போவதில்லை.

அதனால் பஸ் இன்னும் அவரைத் தாண்டவில்லை. கண்டக்டர் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். ஒரு விசில் கொடுத்தால் பஸ் நிற்கும். செங்கமலம் இறங்குவார். கொளஞ்சி சொல்லவேண்டியதை முகத்துக்கு நேரே இன்னொரு முறை சொல்ல வேண்டிவரும். எட்டு மணி கடந்துவிடவும் கூடும். இரண்டு விசில் கொடுத்தால் பஸ் போய்விடும். கொளஞ்சி பள்ளிக்கூட வாசலில் பிரேக் பிடித்து, திரும்பாமலே "எறங்கு புள்ள" என்பார். அப்போது சத்துணவுக் கூடத்தின் கூரைக்கு மேலே புகை வந்துகொண்டிருக்கும்.

டிரைவர் கண்ணாடியில் உங்களைத்தான் பார்க்கிறார்.