முடிச்சில் அறுந்த கயிறு

என் அக்கா நபீலா, யாரோ இணையத்தில் எல்லோருக்குமாகப் போட்டிருந்த வரைபடத்தைப் பார்த்து ஓர் இழுவை இயந்திரம் செய்தாள். இரும்புச் சட்டம், பழைய கார் ஜாக்கி, பயணப் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் மின்னணுத் தராசு, அவ்வளவுதான். ஒரு பொருள் எத்தனை கிலோ இழுவையில் அறுகிறது என்று அது காட்டும்.

அதில் சோதித்துப் பார்க்க முதலில் வந்தவர் ரோஜா விவசாயி எல்லப்பன். அவருடைய பசுமைக்குடிலின் கூரைத்தாளைக் கட்டியிருந்த நைலான் கயிறு போன வாரக் காற்றில் அறுந்துவிட்டது.

"மிச்சக் கயிறு இன்னொரு காத்துக்குத் தாங்குமா, மாத்தணுமா? அத மட்டும் சொல்லும்மா."

கொக்கிகளில் முடிச்சுப் போட்டு இழுத்தோம். மூன்று துண்டும் முப்பது கிலோவுக்குள் அறுந்தன.

"மொத்தமும் மாத்தணும்ணா," என்றாள் அக்கா.

நான் துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தேன். பள்ளிப் படிப்பை நிறுத்திய பிறகு வெளியாட்கள் முன் நான் வாய் திறப்பதில்லை. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, எல்லாமே முடிச்சுலதான் அறுந்திருக்கு. நடுவுல ஒண்ணும் ஆகலையே?"

எல்லப்பன் சிரித்தார். "அட, இந்தப் பொண்ணு பேசுமா! ஏம்மா, என் குடில்லயும் முடிச்சுதான் போட்டிருக்கேன்."

"அங்கயும் முடிச்சுலதான் அறுந்துச்சாண்ணா?"

அவர் யோசித்தார். "ஆமா."

கொக்கிகளுக்குப் பதில் இரண்டு தடித்த குழாய்களை மாட்டி, அதே கயிற்றை அவற்றில் நாலைந்து சுற்றுச் சுற்றி, நுனியை மட்டும் இறுக்கினேன். அக்கா ஜாக்கியை ஏற்றினாள். முப்பதைத் தாண்டியது, நாற்பதைத் தாண்டியது. ஐம்பதில் தராசின் எல்லை முடிந்து, திரையில் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள் தெரிந்தன. கயிறு அப்படியே இருந்தது.

எல்லப்பன் கயிற்றைத் தொடவில்லை. குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"அப்ப கயிறு இருக்கட்டும். இந்தக் குழாய எந்தக் கடையிலம்மா வாங்குனீங்க?"