இமை மேல் ஒரு பேரம்

துணிக்கடைக்காரருக்குக் கடைத்தெருவில் 'பாதி' என்று பட்டப்பெயர். யார் எதைச் சொன்னாலும் அதில் பாதியிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார்.

அவருடைய கைக்குழந்தைக்கு இடது கண்ணிமையில் ஒரு மச்சம். பிறந்தபோது நகக்கீறல் மாதிரி இருந்தது. இப்போது சிவந்து உப்பி, கண்ணை முக்கால்வாசி மூடிவிட்டது.

"ரத்தக்குழாய்ங்க சேர்ந்து வளர்ற மச்சம்," என்றார் டாக்டரம்மா. "வேற இடத்துல இருந்தா தானா சுருங்கட்டும்னு விட்டுடலாம். இங்க விட்டா அந்தக் கண்ணு பார்க்கவே பழகாது. குடிக்கிற மருந்து இருக்கு."

மருந்தின் பெயரைக் கேட்டதும் பாதி நிமிர்ந்தார். "இது எங்கப்பா படபடப்புக்குப் போடுற மாத்திரையாச்சே!"

"அதேதான், குழந்தைக்குச் சிரப் வடிவத்துல. முதல் வேளை இங்கயே கொடுத்து நாடி பார்ப்போம். வீட்டுல பால் குடிச்ச பிறகுதான் கொடுக்கணும். குடிக்கலேன்னா அந்த வேளை வேண்டாம், சர்க்கரை இறங்கிடும்."

"அளவைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே, டாக்டர்?"

"குறைச்சுத்தான் ஆரம்பிக்கிறோம். அப்புறம் கூட்டுவோம்."

பாதிக்கு முகம் மாறியது. கேட்டவுடனே குறைக்கிறவரிடம் இன்னும் குறைக்க இடம் இருக்கிறது என்பது தொழில் பாடம். அப்புறம் கூட்டுவேன் என்பது அதைவிட மோசம்.

வீட்டில் மருந்து ஊற்றும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். குழந்தைக்குத் துணி மாற்றக் கூப்பிட்டால் கடைக்கு ஓடுகிற மனுஷன் என்பதால் மனைவிக்கு ஆச்சரியம். மருந்து அளக்கும் ஊசியில்லாத சிரிஞ்சில், டாக்டரம்மா சொன்ன கோட்டுக்குப் பாதியில் நிறுத்துவார். கூட்டச் சொன்னபோது, கூட்டியதிலும் பாதி. பிள்ளையின் இதயமாச்சே; அவரளவில் அது பாசம்.

அடுத்த மாதமும் மச்சம் அசையவில்லை.

"இப்படியே போனா கண்ணு முழுசா மூடிடும்," என்றார் டாக்டரம்மா. "மருந்து தீர்ந்திருக்கணுமே, புதுசு வாங்கிட்டீங்களா?"

மனைவி பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். பாதி இருந்தது. பாட்டிலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, டாக்டர்கிட்டயுமா பேரம்?"

"முதல்ல சொல்றது எப்பவும் கூடத்தானே இருக்கும்னு..."

"அது உங்களைப் பார்த்துச் சொன்ன விலை இல்ல," என்றார் டாக்டரம்மா. "குழந்தையை எடை போட்டுச் சொன்ன அளவு."

"அப்ப நிலுவையைச் சேர்த்து ஒரேடியா ஊத்திடட்டுமா?"

"ஊத்தினா நாடி இறங்கிடும். நிலுவையெல்லாம் கிடையாது. இன்னைக்கு இங்கயே கொடுத்துப் பார்த்து, மறுபடி படிப்படியா கூட்டுவோம்."

அன்றிலிருந்து சிரிஞ்ச் மனைவி கைக்குப் போனது. குழந்தையின் காலைப் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும் பாதிக்கு. சிவப்பு மெல்ல மங்கியது, உப்பல் வடிந்தது. ஒருநாள் மருந்து உள்ளே போன கோபத்தில் மகள் இரண்டு கண்ணாலும் அவரை முறைத்தாள். அவர் பிடியை விட்டுவிட்டார். உதை மூக்கில் விழுந்தது. அவர் நகரவில்லை.

மறுமுறை போனபோது டாக்டரம்மா இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாருக்கு. ஆனா நிறுத்திடாதீங்க, ஒரு வயசு தாண்டுற வரைக்கும் கொடுக்கணும்."

"சரிங்க டாக்டர்," என்றார் பாதி.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டா நம்ப முடியலையே. மருந்தை யார் ஊத்துறது?"

"நான்தான்," என்றாள் மனைவி.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.