பிரேக் தேய்ந்த கார்

இராயப்பன் கருவாடு வாங்கினாலும் நாலு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அப்படிப்பட்டவர் கார் வாங்கக் கிளம்பினால் கேட்கவா வேண்டும். பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலை லொறியைக் காலமெல்லாம் ஓட்டி ஓய்ந்து, மனைவி சுகிர்தத்தின் தங்கை இருக்கும் வட்டகொடைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் இருந்த சேவைக்காலப் பணம் முழுவதையும் ஒரு காரில் போட்டு, வாடகைக்கு ஹயர் ஓடிப் பிழைப்பது என்று முடிவு. கார் காலை வாரிவிட்டால் பிழைப்பும் அதோடு சரி.

விற்பவர் சிவசாமி. ரயில் ஸ்டேஷனுக்கு மேலே மலையில் இருந்த தோட்டத்தில் வெகுகாலமாக ஹயர் ஓடியவர். இந்தியாவுக்குப் போக அவருக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அடுத்த மாதம் தலைமன்னாரில் கப்பல். இராயப்பனைச் சந்தேகப்பட வைத்ததே இந்தக் கப்பல்தான். அந்த வருஷங்களில் அரசு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு ஊர் திரும்புகிறவர்கள் கட்டிலிலிருந்து கறவை மாடு வரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். பால் கறக்காத மாட்டை வாங்கினவன் இராமேஸ்வரம் வரைக்கும் நீந்திப் போயா சண்டை பிடிக்க முடியும்?

அதனால் இராயப்பன் தன்னுடைய ஜாக்கியையும் கையோடு கொண்டு போனார். சுகிர்தத்தையும்தான்.

கார் ஒரு கறுப்பு ஏ ஃபோர்ட்டி. மைல் மீட்டர் எப்போதோ செத்துப் போயிருந்தது. எஞ்சின் மட்டும் முதல் முடுக்கிலேயே பிடித்துக்கொண்டது, புகையில்லை, இருமலில்லை.

“கொஞ்ச ஓட்டந்தான் தம்பி. டவுனுக்கு, கோயிலுக்கு, அவ்வளவுதான்” என்றார் சிவசாமி.

இராயப்பன் ஒரு சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் ட்ரம்மின் உள்பக்கத்தை விரலால் தடவியதும் முகம் மாறிவிட்டது. அவ்வளவு தேய்மானம். மலை இறங்குகிற எந்த டிரைவரும் கீழ் கியரில் போட்டு, எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்து இறக்குவான். பிரேக்கைப் பார்த்துப் பார்த்துத்தான் மிதிப்பான். இந்தக் காரை யாரோ பிரேக்கை மட்டுமே நம்பி, திரும்பத் திரும்ப இறக்கியிருக்கிறார்கள். எங்காவது பள்ளத்தில் உருண்டு எழும்பிய காரோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் தட்டியது.

“இது என்னாண்ணே இப்புடித் தேஞ்சு கெடக்கு?”

“மலைப் பாதைதானே” என்று சிவசாமி தேயிலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பொய் சொல்லிப் பழகாத மனிதர் என்பது முகத்திலேயே தெரிந்தது.

இதற்குள் சுகிர்தத்தைக் காணவில்லை. காருக்கு அடியில் படுத்துப் பார்ப்பதைவிட, லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் விசாரிப்பது மேல் என்பது அவள் கட்சி. கொஞ்ச நேரத்தில், இடுப்பில் குடத்தோடு ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

“என்னாங்க, இவங்க அழகம்மா. இவங்க மகன் இந்தக் காருக்குள்ளதான் பொறந்தானாம்.”

“எம் மகன் மட்டுமா” என்றாள் அழகம்மா. “இந்த மலையில ஆஸ்பத்திரிக்குப் போன ஆளுக முக்காவாசிப் பேரு இதுலதான் போனோம். அண்ணன் ஒருத்தருகிட்டயும் அஞ்சு சதம் கேட்டதில்ல. பெற்றோல் வெல ஏறுனதுலருந்து, எறக்கத்துல எஞ்சின நிப்பாட்டிப்புட்டு உருட்டிக்கிட்டே போவாரு. சத்தம் இருக்காதுல்ல, அதனால வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிப்பாரு. நுவரெலியா மொதலாளி ஒருத்தரு கூடக் காசு தர்றேன்னு வந்து நின்னாரு. காரு இந்த மலைய விட்டுப் போயிரும்னு அண்ணன் குடுக்கல.”

சிவசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

இராயப்பனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு இந்த வளைவுகளில் இறங்குவது பைத்தியக்கார வேலை. ஆனால் பின்சீட்டில் ஒருத்தி வலியில் துடிக்க, ஒற்றைப் பிரேக்கை நம்பி, ஒரு முறைகூட எங்கும் இடிக்காமல் இறக்கியிருக்கிறாரே. லொறிக்காரனான அவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

“அப்புறம் ஏண்ணே கொஞ்ச ஓட்டம்னு சொன்னீங்க?”

“உள்ளதச் சொன்னா வாங்க மாட்டீங்க தம்பி. காரு கை மாறுனாலும் இவுங்க வந்து கதவத் தட்டத்தான் செய்வாங்க. நீங்க ஸ்டேஷன்கிட்டயே இருக்கிற ஆளு. ஒருக்கா வாங்கிட்டா, அப்புறம் இல்லன்னு சொல்ல மனசு வராதுன்னு நெனச்சேன். ஏமாத்தத்தான் பாத்தேன்.”

இராயப்பன் எத்தனையோ ஏமாற்றுக்காரர்களைப் பார்த்தவர். அடுத்தவர்களுக்காக ஏமாற்றப் பார்த்த ஒருவரை அன்றுதான் பார்த்தார். அந்த மனிதரின் காலில் விழலாம் போல இருந்தது. ஆனாலும் வியாபாரம் வியாபாரம்தான். பிரேக் செலவைச் சொல்லி விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான் கை கொடுத்தார். சிவசாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“ஓசியில ஓடி நாம எப்புடிங்க பொழைக்கிறது?” என்று திரும்பும் வழியில் சுகிர்தம் கேட்டாள்.

“ஊரு முழுக்க நோயாளியா என்ன? கல்யாணக்காரங்க காசு குடுப்பாங்க” என்றார். குரலில் உறுதி போதவில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

சிவசாமி புறப்படும் நாளில் அவரை ஸ்டேஷனில் விட இராயப்பனே காரைக் கொண்டு போனார். பிரேக் புதுசு. பின்சீட்டில் மூட்டைகளோடு சிவசாமியின் மனைவி, முன்னால் சிவசாமி. இறக்கம் தொடங்கும் இடத்தில் சிவசாமியின் கை சாவியை நோக்கிப் போய், பாதியில் மடிக்குத் திரும்பியது. இராயப்பன் கவனித்தார். பைத்தியக்கார வேலை என்று நினைத்தவர், தானே சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். கார் சத்தமில்லாமல் இறங்கியது. வளைவில் ஹோர்ன் அடித்தார்.

ஹோர்ன் சத்தம் கேட்டு, கீழ் லயத்திலிருந்து ஒருத்தி கம்பளியில் சுற்றிய பிள்ளையோடு பாதைக்கு ஓடி வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. இராயப்பன் காரை நிறுத்தினார். வழக்கம்போலப் பின்கதவில் கை வைத்தவள், ஓட்டுகிற இடத்தில் புது முகத்தைக் கண்டு கையை எடுத்துவிட்டாள்.

சிவசாமி இராயப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இராயப்பன் பின்னால் திரும்பி, “மூட்டையத் தூக்கி மடியில வச்சுக்கங்க அண்ணி” என்றார். பிறகு வெளியே நின்றவளிடம், “ஏன் நிக்கிறீங்க, ஏறுங்க. இது அதே காருதான்” என்றார்.