ஜனவரிக் குளிரின் சராசரி

கொழும்பில் புள்ளிவிபரவியல் கற்பிக்கும் சுதர்ஷினி, நெடுநாளைக்குப் பிறகு ராகலைக்கு மேலே இருக்கும் தான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள். பெற்றோர் காலமான பின் அங்கே அவளுக்கென்று மிஞ்சியிருந்தவள் பிரியந்திதான். இருவரும் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான ஒரே லயத்தில், அடுத்தடுத்த ஒற்றையறைக் காம்பராக்களில் வளர்ந்தவர்கள். பிரியந்தி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். இப்போது தனி வீடு கட்டியிருந்தாள்.

காலையில் தேத்தண்ணியோடு வாசலில் நின்றார்கள். எதிர்மலை பனிமூட்டத்துக்குள் இருந்தது.

"இதெல்லாம் ஒரு குளிராடி? நாம சின்னப்புள்ளையா இருந்தப்ப ஜனவரியில பல்லெல்லாம் கிட்டிக்கும்" என்றாள் பிரியந்தி.

சுதர்ஷினியும் தன் மாணவர்களிடம் வருடக்கணக்காக இதையேதான் சொல்லி வந்தாள். ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. "நெசமான்னு பாத்திருவமா?" என்றாள்.

தோட்ட ஆபீசில் தினமும் காலை வெப்பநிலையைக் குறித்து வைப்பார்கள். அங்கே வேலை செய்யும் பிரியந்தியின் கணவன் தர்ஷன், தோட்ட மேலாளரான துரையிடம் கேட்டுக்கொண்டு பிரதி எடுத்து வந்தான். அவர்கள் பள்ளிக்கூடம் போன காலத்துப் பத்து ஜனவரிகள், அண்மைய பத்து ஜனவரிகள். பிரியந்தி வாசிக்க வாசிக்க சுதர்ஷினி கணினியில் பதிந்தாள்.

"மொதல்ல, அப்பவும் இப்பவும் ஒரே குளிருதான், வித்தியாசமே இல்லன்னு வச்சுக்கணும். இதுக்குப் பேரு சூனியக் கருதுகோள்."

"சூனியமா? பூசாரியக் கூப்புடணுமா?"

"அந்தச் சூனியம் இல்லடி. வித்தியாசம் பூச்சியம்னு அர்த்தம். அத மறுக்கிற அளவுக்கு இந்தக் கணக்குல சாட்சி இருக்கான்னுதான் பாக்கப் போறோம்."

அந்தக் காலத்துச் சராசரி ஒன்பது பாகைக்குச் சற்று மேல் வந்தது. இப்போதையது அதைவிட அரைப் பாகை கூட.

"பாத்தியா, நான் சொல்லல? அப்பத்தான் குளிரு" என்றாள் பிரியந்தி.

"பொறு. ஒவ்வொரு வருசமும் ஒரு பாகைக்கு மேல ஏறி எறங்குது. அப்படி ஆடுறதுல அரைப் பாகை சும்மாவே வரலாம்." சோதனை முடிவைப் பார்த்தவளின் முகம் வாடியது. "உண்மையில வித்தியாசமே இல்லாட்டியும், நூத்துக்கு நாப்பது தடவ இவ்வளவு இடைவெளி வரும். அது அஞ்சு தடவைக்குக் கீழ வந்தாத்தான் வித்தியாசம் இருக்குன்னு நாங்க நம்புவோம்."

"அப்ப நாம சொன்னது பொய்யா?"

"பொய்யுன்னும் சொல்ல முடியாது. பத்து வருசம் பத்தாது. நிரூபிக்க முடியல, அவ்வளவுதான்."

பிரியந்தி கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "குளிருன்னா ஒனக்கு எந்த வருசம் ஞாபகம் வருது?" என்று கேட்டாள்.

சுதர்ஷினி யோசிக்கவே இல்லை. "எங்க கூரைத் தகரம் காத்துல பறந்துச்சே, அந்த வருசம்."

"எனக்கும் அதான்."

அந்த ஜனவரியில் சுதர்ஷினியின் குடும்பம் முழுவதும் பிரியந்தி வீட்டுக் காம்பராவுக்குக் குடிவந்தது. தகரம் மாற்றும்வரை எட்டுப் பேருக்கு ஓர் அறை. பிரியந்தியின் அம்மா பேச்சியம்மா, இருந்த ஒரே கம்பிளியைப் சுதர்ஷினிக்கும் பிரியந்திக்கும் போர்த்திவிட்டு அடுப்போரம் படுத்துக்கொண்டார்.

சுதர்ஷினி அந்த ஜனவரியின் தாளைத் தேடி எடுத்தாள். சராசரியை ஒட்டிய, மிகச் சாதாரணமான ஒரு ஜனவரி. அதைவிடக் குளிர்ந்த வருடங்கள் நான்கைந்து இருந்தன. அவற்றில் ஒன்றுகூட இருவருக்கும் நினைவில்லை.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றாள்.

"தம்பியோட கொட்டகலையில இருக்கு. ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்கும்."

அன்று மாலையே கொழும்புக்குத் திரும்புவதாக இருந்தவள் பயணத்தைத் தள்ளிவைத்தாள். மறுநாள் இருவரும் நுவரெலியாவுக்குப் போய் அங்கிருந்து பஸ் மாறிக் கொட்டகலை போய்ச் சேர்ந்தார்கள்.

பேச்சியம்மா சுதர்ஷினியின் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அவள் அருகில் உட்கார்ந்து, "தகரம் பறந்த வருசம் ரொம்பக் குளிராம்மா?" என்று கேட்டாள்.

"குளிரா? அது எனக்கு ஞாபகமில்ல தாயி. நீங்க ரெண்டு பேரும் கம்பிளிக்குள்ள கெடந்து சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க. தூங்கவே விடல."